மாரியஸ், லேலியானஸ், குவின்டில்லஸ்: சில நாள் பேரரசர்களின் காசு தேடியது

ரோமானியக் காசு சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அகஸ்டஸ், நீரோ, டிராஜன், ஹேட்ரியன் என்று பெரிய பெயர்களில்தான் தொடங்குவார்கள். எனக்கு அந்த வரிசை சீக்கிரமே சலித்துவிட்டது. நாற்காலி சூடாவதற்குள் கொல்லப்பட்டவர்கள் மேல்தான் ஆசை போனது. ஆசைக்கு ஓர் எல்லை வேண்டும் அல்லவா, அதனால் இரண்டு விதி வைத்துக்கொண்டேன். பேரரசர் என்று அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆட்சி முடிந்திருக்க வேண்டும். தன் பெயரில் காசு அடித்திருக்க வேண்டும்.

இந்த விதிகளுக்குள் வருபவர்களே ஒரு பெரிய கூட்டம். கி.பி. 68-69இல் கால்பா, ஓத்தோ, விட்டெல்லியஸ். 193இல் பெர்டினாக்ஸ் 87 நாள், அவரைக் கொன்ற மெய்க்காவல் படையிடம் அரியணையை ஏலத்தில் எடுத்த டிடியஸ் ஜூலியானஸ் 66 நாள். 238இல் மட்டும் நான்கு பேர்: ஆப்பிரிக்காவில் எழுந்து மூன்று வாரத்தில் முடிந்துபோன கார்டியன் தந்தையும் மகனும், அப்புறம் ரோமில் செனட் சேர்த்து நியமித்த பால்பினஸும் பியூபியெனஸும். 253இல் எமிலியன். 269இல் லேலியானஸ், மாரியஸ். 270இல் குவின்டில்லஸ். 276இல் ஃப்ளோரியன். நான்காம் நூற்றாண்டில் வெட்ரானியோ, நெபோசியன், ஜோவியன். கடைசியில் மேற்குப் பேரரசின் வாசல் கதவைச் சாத்திய ரோமுலஸ் அகஸ்டஸ்கூட ஒரு வருடத்தைத் தொடவில்லை.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரு கணக்குப் போடுவார்கள்: ஆட்சி எவ்வளவு குறைவோ, காசு அவ்வளவு அரிது. காதுக்குச் சரியாகப் படும். ஆனால் சந்தையில் போய் நின்றால் இந்தக் கணக்கு நிற்காது. ஓத்தோ மூன்று மாதம் ஆண்டார்; அவருடைய சுமாரான வெள்ளி தினாரியஸ் ஒன்றே என் பட்ஜெட்டைத் தாண்டிப் போகும். குவின்டில்லஸ் 17 நாள்தான் ஆண்டார் என்று நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூட்ரோபியஸ் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய காசு ஒன்றை உணவகத்தில் ஒருவேளை சாப்பிடும் செலவில் வாங்கலாம். மூன்றே நாள் ஆண்டதாகச் சொல்லப்படும் மாரியஸின் காசும் எட்டும் விலைதான். அரிதா மலிவா என்பதை ஆட்சி நாள் தீர்மானிப்பதில்லை. எந்த நாணயச்சாலை அவர் கையில் இருந்தது, படைக்கு அவசரமாக எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது, அந்தக் காலத்து மக்கள் பானையில் போட்டுப் புதைத்துவிட்டுத் திரும்ப எடுக்காமல் போனது எவ்வளவு என்பவைதான் தீர்மானிக்கின்றன.

ஓத்தோவையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயரில் ரோம் நகர நாணயச்சாலை தங்கமும் வெள்ளியும் மட்டும்தான் அடித்தது. செனட்டின் முத்திரையோடு வரும் பெரிய பித்தளை, செப்புக் காசுகள் ரோமில் அவருக்கு அடிக்கப்படவே இல்லை. சிரியாவின் அந்தியோக்கியாவில் செம்புக்காசு உண்டு, எகிப்தின் அலெக்சாண்டிரியாவிலும் காசு உண்டு, அவ்வளவுதான். ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரையான பன்னிரண்டு சீசர்களையும் பெரிய பித்தளைக் காசிலேயே வரிசைப்படுத்த ஆசைப்பட்ட மறுமலர்ச்சிக் காலச் சீமான்களுக்கு இது தீராத குறை. பதுவா நகரத்துக் கைவினைஞர் ஜொவான்னி தா கவீனோ 16ஆம் நூற்றாண்டில் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார், தன் கையாலேயே அச்சு வெட்டி. அந்தப் 'பதுவா' காசுகளைச் சேர்ப்பதற்கென்றே இன்று தனிக் கூட்டம் இருக்கிறது. யாராவது உங்களிடம் ஓத்தோவின் அழகான ரோமானியப் பெரும் பித்தளைக் காசு என்று நீட்டினால், அது கவீனோவா, கவீனோவின் நகலா என்று மட்டும் கேளுங்கள்.

என் கையில் இருந்த பணத்துக்கு மூன்றாம் நூற்றாண்டுதான் தோது. குறிப்பாக 260 முதல் 276 வரை. அந்த ஆண்டுகளில் புழங்கியது அன்டோனினியானஸ் என்கிற காசு. பேரரசர் தலையில் சூரியக் கதிர்போல முட்கள் நீட்டிய முடி (கிரீடம்) இருக்கும், அதனால் சேகரிப்பாளர்கள் பேச்சுவழக்கில் கதிர்முடிக் காசு என்பார்கள். 215 வாக்கில் பேரரசர் கராகல்லா அறிமுகப்படுத்தியபோது அதில் ஏறத்தாழ பாதி வெள்ளி. 270ஐத் தொடும்போது நூற்றுக்குச் சில பங்கு வெள்ளிதான் மிச்சம். மற்றதெல்லாம் செம்பு, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. மதிப்பு இறங்க இறங்க எண்ணிக்கையில் ஈடுகட்டினார்கள். அதனால்தான் அந்தக் காலத்துக் குறுகிய கால மன்னர்கள்கூட நமக்கு எட்டும் விலையில் கிடைக்கிறார்கள்.

நான் இருப்பது இங்கிலாந்து. இங்கே இது இன்னும் வசதி. கால்லியா (இன்றைய பிரான்ஸ் பகுதி), ஜெர்மானிய எல்லை, பிரிட்டன், கொஞ்ச காலம் ஸ்பெயின் எல்லாம் 260 முதல் 274 வரை ரோமிலிருந்து பிரிந்து தனிப் பேரரசாக இருந்தன. கால்லியப் பேரரசு என்பார்கள். அதன் கதிர்முடிக் காசுகள் இங்கே வயலுக்கு வயல் புதையலாகக் கிடைக்கின்றன. 1978இல் வில்ட்ஷயரில் கிடைத்த குனேசியோ புதையல் மட்டும் ஏறத்தாழ 55,000 காசு. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, ஒரே இடத்தில் வெள்ளி குறைந்த பழங்காசு பத்தோ அதற்கு மேலோ கிடைத்தால் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அருங்காட்சியகங்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று விட்டது கண்டெடுத்தவருக்குத் திரும்பும். அப்படித் திரும்பியவை ஏலத்துக்கு வரும், பதிவு எண்ணோடு. அந்த எண் இருக்கிற லாட்டை மட்டுமே வாங்குவது என்று வைத்திருக்கிறேன். பால்கன் பக்கத்திலிருந்து கிலோ கணக்கில் வந்து குவியும் அழுக்குக் காசுகள் இதைவிட மலிவு. ஆனால் அவை எந்த மண்ணைத் தோண்டி, யார் கண்ணில் மண்ணைத் தூவி வந்தவை என்று கேட்க ஆளில்லை.

வாங்கிய லாட்டில் நூறுக்கும் மேற்பட்ட காசுகள். விவரத்தில் போட்டிருந்தது 'கால்லியப் பேரரசர்கள், இரண்டாம் கிளாடியஸ், மற்றும் சில' என்று. அந்த 'மற்றும் சில' என்ற இரண்டு சொல்லுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

முதல் வேலை கழுவுவது. நம் வீட்டுப் பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும்: பித்தளைக் குத்துவிளக்குப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே, இதையும் ஒருமுறை தேய்த்தால் என்ன? கூடவே கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர், கோலா, எல்லாமே அமிலம். பதினேழு நூற்றாண்டாகக் காசின் மேல் உருவான பாசி நிற மேல்பரப்பையும், அதற்கடியில் கொஞ்சநஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளிப் பூச்சையும் அது சேர்த்தே தின்றுவிடும். எழுத்து இருப்பதே பல நேரம் அந்தப் பாசிப் பரப்பில்தான், அடியில் இருக்கும் செம்பில் இல்லை. அது போனால் மழுங்கிய செம்புத் துண்டு ஒன்றுதான் மிஞ்சும்.

நான் செய்வது காய்ச்சி வடித்த நீர் மட்டும். பிளாஸ்டிக் டப்பாவில் காசுகளைப் பரப்பி, மூழ்கும்வரை ஊற்றி, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றுவது. முதலில் சேறாக வரும், பிறகு மங்கலான டீ நிறம், அப்புறம் தெளிந்துவிடும். இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மென்மையான பல் தூரிகையால் ஒரு வருடல். அதற்கும் அசையாத மண்ணுக்கு மூங்கில் பல்குச்சியைச் சாய்வாகச் சீவி, ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, மண்ணை மேலே தூக்கிப் பெயர்ப்பது. கீறக் கூடாது, நெம்ப வேண்டும். இரும்பு ஊசி வைத்துச் சுத்தம் செய்யும் கைதேர்ந்தவர்கள் உண்டு. எனக்கு மூங்கில் போதும். அது காசை ஜெயிக்காது, மண்ணை மட்டும் ஜெயிக்கும்.

கழுவும்போதே நோய் பார்க்க வேண்டும். செம்புக்காசுக்கு வருகிற பெரிய வியாதி, வெண்கல நோய். வெளிர்பச்சை நிறத்தில், விரலில் ஒட்டும் மாவுபோலப் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பச்சை வேறு. அது வெறும் பாசி நிறம், பயப்படத் தேவையில்லை. மாவுப் பச்சை என்பது உள்ளே சிக்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டிருப்பதன் அடையாளம். சந்தேகமான காசைத் தனியே ஒதுக்கி, மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சுக்குப் பக்கத்தில் படாமல் வைத்துப் பார்த்தால், நோய் இருந்தால் ஓரிரு நாளில் பச்சை புதிதாகப் பூத்திருக்கும். இந்த லாட்டில் சில காசுக்கு இருந்தது. சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் நீண்ட நாள் ஊறவைத்து, பின் வடிநீரில் பலமுறை அலசி, நன்றாக உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு பூசினேன். பிரிட்டிஷ் மியூசியம் பாதுகாப்பு வேலைக்கென்று உருவாக்கிய அந்த மெழுகு கடையிலேயே சின்ன டப்பாவில் கிடைக்கிறது. பூசிய பிறகும் அந்தக் காசுகளை மற்றவற்றோடு கலக்கவில்லை.

அப்புறம் வருவதுதான் இந்த வேலையின் சுவை: பிரிப்பது.

எழுத்தைப் படிக்கப் போகும் முன் தாடியைப் பார்க்க வேண்டும். கால்லியப் பேரரசின் அச்சு வெட்டியவர்கள் நல்ல கை. அந்தப் பேரரசர்களில் போஸ்டுமஸ் அடர்த்தியான சுருள் தாடியோடு, சண்டைக்காரர் ஹெர்குலிஸ் சாயலில் இருப்பார். விக்டோரினஸுக்கு நீண்டு வளைந்த மூக்கு. அந்த மூக்கை ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது. டெட்ரிகஸ் ஒல்லி முகம், கூரான தாடி. அவர் மகன் டெட்ரிகஸுக்குத் தாடியே இல்லை, பையன். ரோமில் இருந்த காலியெனஸுக்கும் இரண்டாம் கிளாடியஸுக்கும் கட்டையான தாடி. உலோகமும் மட்டம், விளிம்பும் பிய்ந்திருக்கும். தாடியை வைத்தே பெரும்பகுதியைத் தட்டுகளில் போட்டுவிடலாம். எதிலும் சேராமல் நடுவில் மிஞ்சுகிற சிறிய குவியலைத்தான் மெதுவாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது படி எழுத்து. இந்தக் காசுகளில் வாசகம் இடப்பக்கத் தோளுக்கருகே தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் தலையைச் சுற்றி வலப்பக்கத் தோளருகே முடியும். முதலில் 'இம்ப் சி', அதாவது இம்பெரேட்டர் சீசர். முடிவில் 'பி எஃப் அவ்ஜி', பக்தியும் நற்பேறும் உடைய அகஸ்டஸ். நடுவில்தான் பெயர். அதாவது பெயரின் கடைசிப் பாதி முகத்துக்கு முன்னால் விழும். மங்கிய காசில் பின்பக்கத் தலைமுடியருகே கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் மூக்குக்கு எதிரே பார்த்தால் விடை சீக்கிரம் கிடைக்கும். விளக்கை மேலே வைக்காதீர்கள். மேசை மட்டத்தில் படுக்கவைத்து, ஒரு பக்கமாக ஒளி படவிட்டு, காசை மெதுவாகச் சுற்றினால், இல்லவே இல்லை என்று நினைத்த எழுத்து நிழலாக எழுந்து நிற்கும். ஈரக் காசில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்படித்தான் குவின்டில்லஸ் கிடைத்தார். கிளாடியஸ் தட்டில் கிடந்த காசு. முகம் அப்படியே கிளாடியஸ்; அண்ணன் தம்பி என்பதாலோ, அச்சு வெட்டியவர் புது முகத்தைப் பார்க்காமலே வெட்டியதாலோ, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மூக்குக்கு எதிரே இருந்தது 'எல் எல் வி எஸ் அவ்ஜி'. கிளாடியஸ் என்றால் 'டி ஐ வி எஸ்' என்று முடிய வேண்டும். இரட்டை எல் வந்தால் அது தம்பிதான். விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்து, பின்புறத்தில் நிற்கும் பெண் உருவத்தின் பாதிதான் தெரிகிறது. அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. இருந்தாலும் பரவாயில்லை.

இந்த மனிதரின் கதை சின்னது. 270இல் கிளாடியஸ் கொள்ளைநோயில் இறந்ததும் இத்தாலியில் இருந்த தம்பி குவின்டில்லஸைப் பேரரசர் ஆக்கினார்கள். டானூப் பக்கத்துப் படை ஔரேலியனை அறிவித்தது. குவின்டில்லஸ் அக்குவிலேயாவில் இறந்தார். எத்தனை நாள் ஆண்டார்? யூட்ரோபியஸ் 17 என்கிறார். கி.பி. 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று 77 என்கிறது. ரோமானிய எண்ணில் 77 எழுதும்போது முன்னால் வரும் 'எல்', 'எக்ஸ்' இரண்டும் உதிர்ந்தால் மிஞ்சுவது 17. யாரோ படியெடுத்தவர் கை தவறியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குக் காசுதான் சாட்சி. ரோம், மிலான், இன்றைய குரோஷியாவில் இருக்கும் சிஸ்சியா என்று மூன்று நகரங்கள் அவர் பெயரில் பல வகைகளில் அடித்துத் தள்ளியிருக்கின்றன. செய்தி சிஸ்சியா போய்ச் சேர்ந்து, புது வாசகத்தோடு அச்சு வெட்டி, இவ்வளவு எண்ணிக்கையில் அடித்து முடிக்க 17 நாள் போதாது.

மாரியஸ் விஷயம் இதைவிடச் சுவையானது. 269இல் இன்றைய ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் லேலியானஸ் என்ற தளபதி போஸ்டுமஸுக்கு எதிராகக் கிளம்பினார். போஸ்டுமஸ் அவரை அடக்கிவிட்டார். ஆனால் மைன்ஸைக் கொள்ளையடிக்கத் தன் வீரர்களை விடவில்லை. அந்தக் கோபத்தில் அவர்களே போஸ்டுமஸைக் கொன்று, மாரியஸ் என்பவரை அரியணையில் வைத்தார்கள். பழைய எழுத்தாளர்கள் அவரை இரும்புக் கொல்லர் என்கிறார்கள். முதல் நாள் பேரரசர் ஆனார், இரண்டாம் நாள் ஆண்டார், மூன்றாம் நாள் கொல்லப்பட்டார் என்று 'ஹிஸ்டோரியா அகஸ்டா' சொல்கிறது. அவரைக் குத்தியவன், 'இது நீயே அடித்த வாள்' என்று சொல்லிக் குத்தினானாம். ஒற்றை விரலால் வண்டியைத் தள்ளி நிறுத்துவாராம். மேடைக்கு நல்ல கதை. அதை எழுதியவர் நூறு ஆண்டுக்குப் பிறகு வந்தவர், அந்த நூலில் கட்டுக்கதைக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் லாட்டில், எதிலும் சேராத அந்தச் சின்னக் குவியலில், ஒரு காசின் பின்புறம் மண் பெயர்ந்தபோது இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியிருப்பது தெரிந்தது. கால்லியக் கதிர்முடிக் காசில் பற்றிய கைகள் தெரிந்தால் உடனே நினைக்க வேண்டிய பெயர் மாரியஸ். சுற்றிலும் 'கொன்கோர்டியா மிலிடும்', படைவீரர்களின் ஒற்றுமை. அவசரப்படவில்லை. இந்தப் பகுதியில் 270களில் உள்ளூர்ப் பட்டறைகளில் கண்டமேனிக்கு நகல்கள் அடித்திருக்கிறார்கள். அவற்றில் எழுத்து வெறும் கோடும் வட்டமுமாக இருக்கும், எடையும் சொற்பம். என் காசு 2.7 கிராம், முழுதாக அச்சு விழுந்த உலோக வட்டம், எழுத்துகள் ஒரே உயரத்தில் சீராக. முன்புறத்தை இன்னும் இரண்டு முறை ஊறவைத்துக் குச்சியால் நெம்பியபோது மூக்குக்கு எதிரே 'ஆர் ஐ வி எஸ் பி எஃப் அவ்ஜி' வந்துவிட்டது. குட்டைத் தாடி, தடித்த கழுத்து. வண்டி நிறுத்துகிறவர் மாதிரிதான் இருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் கதை ஏன் நிற்காது என்பதை இந்தக் காசை வைத்தே சொல்லலாம். ஒவ்வொரு அச்சும் கையால் வெட்டியது. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இரண்டு காசை அருகருகே வைத்தால், ஒரே அச்சில் வந்தவையா, வேறு வேறு அச்சா என்று எழுத்தின் இடைவெளியையும் முடியின் முட்கள் எழுத்தைத் தொடும் இடத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம். ரோமானிய நாணய வகைகளைத் திரட்டி இலவசமாகத் தரும் 'ஓக்ரே' இணையத்தளத்தில் மாரியஸின் படங்களைத் திறந்து என் காசோடு ஒப்பிட்டேன். பற்றிய கைகள், வெற்றித் தேவதை, நற்காலத்தின் தேவதை என்று பின்புறங்களே பல. முன்புற அச்சுகளும் பல. ஒரு பேரரசரின் முகத்தைப் பார்த்து வெட்டி, பழகி, அச்சு தேய்ந்து, அடுத்ததை வெட்டியிருக்கிறார்கள். தங்கக்காசும் அடித்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் சில மாதமாவது வேண்டும், ஆய்வாளர்களும் அப்படித்தான் கணிக்கிறார்கள். கொல்லர் வேலை பார்த்தவர் என்பதில் உண்மை இருக்கலாம், படையோடு இருந்த ஆயுதப் பட்டறைக்காரராக இருந்திருக்கலாம். அந்த மூன்று நாளை மட்டும் என் காசு ஒத்துக்கொள்ளவில்லை.

லேலியானஸ் இந்த லாட்டில் இல்லை. இருப்பார் என்று எதிர்பார்க்கவும் இல்லை. மாரியஸைவிட அவர் காசு நிஜமாகவே அரிது; ஒரே ஒரு கதிர்முடி வகைதான் பொதுவாகக் கண்ணில் படும், பின்புறத்தில் மாலையும் ஓலையும் ஏந்தி ஓடும் வெற்றித் தேவதை. அதைத் தனியாக ஏலத்தில் எடுத்தேன். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அந்த ஒற்றைக் காசுக்கே போனது.

இப்படி விலை ஏறிய காசில் பார்க்க வேண்டியது, முழுப் போலியைவிட, திருத்தியதை. நல்ல பழங்காசுதான், ஆனால் மங்கிய விக்டோரினஸின் பெயரைக் கூர்முனையால் கீறி லேலியானஸ் ஆக்கியிருப்பார்கள். எழுத்தைச் சுற்றியுள்ள வெளி மற்ற இடத்தைவிட வழவழப்பாக, சற்றே பள்ளமாக இருந்தால் சந்தேகம் வர வேண்டும். அடித்த காசில் எழுத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து சரிவாக எழும். செதுக்கியதில் செங்குத்தாக வெட்டியதுபோல நிற்கும். இன்னொன்று, எழுத்துக்கு மேல் மண் படிந்திருக்கிறதா, மண்ணை வெட்டிக்கொண்டு எழுத்து போகிறதா என்பது. வார்ப்புப் போலி வேறு மாதிரி: மேல்பரப்பு சோப்புக் கட்டி மாதிரி மழுங்கி, நுண்ணிய குமிழிகள் தெரியும், விளிம்பில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு இருக்கும். நான் எடுத்த காசின் முன்புற அச்சு, அருங்காட்சியகப் படம் ஒன்றின் அச்சோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அதைப் பார்த்த பிறகுதான் ஏலத்தில் கை தூக்கினேன்.

லேலியானஸின் பெயரையே பழைய நூல்கள் குழப்பிவிட்டன. 'ஹிஸ்டோரியா அகஸ்டா' அவரை லோலியானஸ் என்கிறது. உல்பியஸ் கொர்னேலியஸ் லேலியானஸ் என்ற முழுப் பெயர் நமக்குத் தெரிவது காசுகளால்தான்.

நூல்கள் கைவிட்ட ஒருவரைக் காசு காப்பாற்றிய கதை இதைவிடப் பெரியது, அதற்காகவே ஒவ்வொரு லாட்டையும் கடைசிக் காசு வரை பார்க்கிறேன். 1900இல் பிரான்சின் நாந்த் நகருக்கு அருகே கிடைத்த புதையலில் டொமிஷியானஸ் என்ற பெயரில் ஒரு கதிர்முடிக் காசு இருந்தது. முதல் நூற்றாண்டு டொமிஷியன் அல்ல, வேறு ஆள். ஒரே காசு, யாரும் கேள்விப்படாத பேரரசர். போலி என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். 2003இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் சால்குரோவ் கிராமத்தில் ஒரு பானை கிடைத்தது, ஏறத்தாழ 5,000 காசுகள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக. பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைப் பிரித்தபோது நடுவிலிருந்து இன்னொரு டொமிஷியானஸ் வந்தார். நாந்த் காசு வந்த அதே அச்சு. இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 271 வாக்கில் மிகச் சில நாட்கள் ஆண்டிருப்பார் என்று கணிக்கிறார்கள். அதன் பின்புறத்திலும் படை ஒற்றுமைதான் எழுதியிருக்கிறது. ஒற்றுமை என்று காசில் போட வேண்டிய நிலைக்கு வந்தவர்களில் பலர் நெடுநாள் இருந்ததில்லை. பால்பினஸும் பியூபியெனஸும் கை பற்றிய காசுகளில் பரஸ்பர அன்பு, பரஸ்பர நம்பிக்கை என்று போட்டுக்கொண்டே, ஒருவரையொருவர் நம்பாமல் இருந்து, மெய்க்காவலர் கையில் சேர்ந்தே செத்தார்கள்.

பிரித்து முடித்ததை எங்கே வைப்பது என்பதும் வேலையில் ஒரு பகுதி. மென்மையாக வளைகிற பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் அது விடுகிற வாயு காசில் பச்சைப் பிசினாகப் படியும். மைலார் உறை சற்று மொடமொடவென்று இருக்கும், ஆனால் பாதுகாப்பு. மரத்தட்டு ஆசை இருந்தால் மஹோகனி. ஓக் மரம் அமில வாடை விடும், செம்புக்கு ஆகாது. டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு: பெயர், எடை, விட்டம், பின்புற உருவம், புதையல் பதிவு எண், யாரிடம் எப்போது வாங்கினேன். பழைய உரிமையாளர் எழுதிய சீட்டு கூடவே வந்தால் அது கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடுவதில்லை. குவின்டில்லஸுக்கும் மாரியஸுக்கும் சீட்டு எழுதியதும் மீதிக் காசுகளை ஆர்வமுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன். டெட்ரிகஸ் எத்தனை பேருக்கும் வரும்.

ஊரில் பேசும்போது, "கரூர் ஆத்துல ரோமானியக் காசு கிடைக்குதாமே, அங்கேயே வாங்கிக்கலாமே" என்பார்கள். அமராவதி ஆற்றிலும் வைகைப் பக்கத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக்காசுகள். தமிழகத்துப் பழைய வெள்ளிக் குவியல்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் பெயரில். என் ஆட்களைத் தேடும் இடம் அதுவல்ல. அதைவிட முக்கியம் சட்டம். மண்ணில் கிடைத்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சொல்கின்றன. ஆற்றங்கரையில் யார் நீட்டினாலும் வாங்கி விமானத்தில் வைத்துக் கொண்டுவராதீர்கள்.

இப்போதைக்கு ஐந்து இடம் நிரம்பியிருக்கிறது: குவின்டில்லஸ், மாரியஸ், லேலியானஸ், அவர்களுக்கு முன்பே மலிவாக வாங்கிய ஜோவியன், போன மாதம் வந்த ஃப்ளோரியன். ஃப்ளோரியன் காசு ஔரேலியனின் நாணயச் சீர்திருத்தத்துக்குப் பிந்தையது, அதனால் காசின் வட்டம் பெரிது, வெள்ளிப் பூச்சும் நன்றாக இருக்கிறது. சிரியாவும் எகிப்தும் போட்டிப் பேரரசர் புரோபஸ் பக்கம் போனதால் அந்தியோக்கியாவிலும் அலெக்சாண்டிரியாவிலும் ஃப்ளோரியனுக்குக் காசு கிடையாது. அந்த ஊர் பெயரோடு யாராவது விற்றால் விலை பேசாமல் நடையைக் கட்டலாம். டிடியஸ் ஜூலியானஸ் காசில் 'உலகை ஆள்பவர்' என்று எழுதியிருக்கும் வகை ஒன்று உண்டு. மெய்க்காவலர் ஆளுக்கு 25,000 செஸ்டர்ஷியஸ் காசு என்று ஏலம் கேட்டு 66 நாள் உட்கார்ந்தவருக்கு அந்தப் பட்டம். ஆசைதான், ஆனால் ஆயிரம் பவுண்டுக்குக் குறைந்து நல்லதாக நான் பார்க்கவில்லை.

அதனால் அடுத்த குறி வெட்ரானியோ. 350 மார்ச்சில் படை பேரரசராக்கிய கிழட்டுத் தளபதி. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் கான்ஸ்டான்டியஸிடம் ஆட்சியைத் தானே ஒப்படைத்துவிட்டு, உதவித்தொகை வாங்கிக்கொண்டு, பித்தினியாவின் (இன்றைய துருக்கியில்) புரூசா நகரில் ஆறு ஆண்டு நிம்மதியாக வாழ்ந்தார். என் பட்டியலில் படுக்கையில் செத்தவர்கள் மிகச் சிலர், இவர் பென்ஷன் வேறு வாங்கினார். சிஸ்சியாவில் அடித்த செம்புக்காசு, பின்புறத்தில் 'இந்தச் சின்னத்தால் வெல்வாய்' என்ற வாசகம். அதே வாசகத்தில், அதே மாதங்களில், அதே ஊரில் கான்ஸ்டான்டியஸ் பெயரிலும் அடித்திருப்பதால், பின்புறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். முன்புறத்தில் நீண்ட தாடியும் 'வெட்ரானியோ' என்ற பெயரும் தெரிய வேண்டும். ஒரு வியாபாரியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்லும் விலையிலிருந்து இன்னும் இருபது பவுண்டு இறங்க வேண்டும்.